நியூகிரேஞ்சின் வெள்ளைச் சுவர்: கற்காலத்து வேலையா, 1970களின் வேலையா?

பாய்ன்கரை:
நியூகிரேஞ்ச் படத்தைப் போட்டு "5,200 வருடமாக அப்படியே நிற்கிறது பாருங்கள்" என்று எழுதுகிறவர்கள் நம் குழுக்களில் அதிகமாகிவிட்டார்கள். அப்படியே நிற்கவில்லை. படத்தில் எல்லோர் கண்ணையும் இழுக்கிற அந்த வெள்ளைச் சுவர் இருக்கிறதே, அது அந்தக் கோலத்தில் நிற்பது 1970களிலிருந்துதான். பின்னால் கம்பி கட்டிய கான்கிரீட் தாங்குகிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அயர்லாந்தில் டப்ளினுக்கு வடக்கே மீத் கவுண்டியில் பாய்ன் ஆறு வளைந்து போகிற இடத்தில், வயலுக்கும் மாட்டுக்கும் நடுவே மூன்று பெரிய கல்லறை மேடுகள் இருக்கின்றன. நியூகிரேஞ்ச், நௌத், டௌத். உலோகமே தெரியாத புதிய கற்காலத்து உழவர்கள் கட்டியவை. நியூகிரேஞ்ச் கி.மு. 3200 வாக்கு, அதாவது கிசாவின் பெரிய பிரமிடுக்கு முன்னால். மேட்டின் குறுக்களவு சுமார் 85 மீட்டர். அடியில் சுற்றிலும் 97 விளிம்புக்கற்கள். உள்ளே 19 மீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிய நடைவழி, அது முடிகிற இடத்தில் சிலுவை வடிவத்தில் ஓர் அறை. கல்லுக்கு மேல் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி அடுக்கி 6 மீட்டர் உயரத்தில் மூடியிருக்கிறார்கள். சாந்து கிடையாது. அந்த அறைக் கூரையை இதுவரை யாரும் பிரித்துக் கட்டவில்லை, இன்றும் ஒழுகுவதில்லை. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, உள்ளே நின்றால் பேச்சு வராது.

என் பிரச்சினை வெளி முகம். 1962 முதல் 1975 வரை மைக்கேல் ஓ'கெல்லி என்ற பேராசிரியர் அகழாய்வு செய்தார். அதற்கு முந்தைய படங்களைத் தேடிப் பாருங்கள். மரமும் புதரும் முளைத்த ஒரு சரிவு, விளிம்புக்கற்களில் பாதி மண்ணுக்குள். அதைப் பார்த்து இதே இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்றைய முகம் ஒரு ஆளுடைய ஊகம். நல்ல ஊகமாகவே இருக்கட்டும், ஆனால் கான்கிரீட்டில் கட்டிவிட்ட பிறகு அது ஊகம் போலத் தெரிவதில்லை.

இரவுப்பணி:
நாங்கள் குடும்பத்தோடு போய்விட்டு வந்தோம். பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துத்தான் ஓடினார்கள். சுவர் இல்லாமல் வெறும் புல்மேடாக இருந்திருந்தால் "இதுக்கா இவ்வளவு தூரம்" என்று கேட்டிருப்பார்கள். வழிகாட்டி அம்மா சுவர் பிற்காலத்தில் எடுத்துக் கட்டியது என்று தெளிவாகவே சொன்னார், மறைக்கவில்லை. வாட்ஸாப்பில் எவனோ தப்பாக எழுதியதற்கு அந்த இடம் என்ன செய்யும்? உங்களுக்குக் கோபம் சுவர் மேலா, வாட்ஸாப் மேலா என்று எனக்குப் புரியவில்லை.

அகழிக்குழி:
தொல்லியல் படித்தவன் என்ற முறையில் ஓ'கெல்லி பக்கம் கொஞ்சம் பேசிவிடுகிறேன். "ஒரு ஆளுடைய ஊகம்" என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

அவர் தோண்டும்போது வாசல் பக்கம், அதாவது தென்கிழக்கு முகத்தில், விளிம்புக்கற்களுக்கு வெளியே சரிந்து கிடந்த கற்களுக்கு அடியில் வெள்ளை குவார்ட்ஸ் ஒரு படலமாகக் கிடந்தது. நம்மூரில் வெங்கச்சங்கல் என்பார்களே, அதுதான். நடுநடுவே உருண்டையான சாம்பல் நிறக் கற்கள். வாசல் அருகே படலம் தடிமன், இரண்டு பக்கமும் போகப் போக மெலிந்துவிடுகிறது, மேட்டின் பின்பக்கம் அது இல்லை. குவார்ட்ஸ் அந்த ஊர்க் கல் அல்ல. தெற்கே 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி விக்லோ மலைப் பக்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். உருண்டைக் கற்கள் நேர் எதிர்த் திசை, வடக்கே மோர்ன் மலை, டண்டாக் விரிகுடாப் பக்கம். சக்கரமும் இல்லை, குதிரையும் இல்லை. இவ்வளவு தூரம் சுமந்து வந்த கல்லைச் சும்மா கொட்டியிருக்க மாட்டார்கள், எங்கோ கண்ணில் படுகிற மாதிரிதான் வைத்திருப்பார்கள் என்பது அவருடைய தொடக்கம்.

அதோடு நிற்கவில்லை. அதே கற்களை வைத்து ஒரு துண்டுச் சுவர் கட்டி, அதை வேண்டுமென்றே சரியவிட்டுப் பார்த்தார். சரிந்து கிடந்த கிடப்பும் அகழாய்வில் கிடைத்த கிடப்பும் ஒத்துப்போயின. அதன் பிறகுதான் விளிம்புக்கற்களுக்கு மேலே ஏறக்குறைய செங்குத்தான சுவர் என்ற முடிவுக்கு வந்தார். 1960களின் அளவுகோலில் இது பொறுப்பான வேலை. சுவரைப் பொய் என்று சொல்வதற்கு முன்னால் இதை எடைபோட வேண்டும்.

இன்னொன்று. வாசலின் இரண்டு பக்கமும் உள்வாங்கின மாதிரி வளைந்த கருங்கல் சுவர் இருக்கிறதல்லவா, அது முழுக்க நவீனம் என்பதைக் காட்டத்தான் வேறு நிறக் கல். சுருள் செதுக்கிய வாசற்கல்லின் மேல் ஆட்கள் ஏறி மிதித்து உள்ளே போகக் கூடாது என்று படிக்கட்டுக்காக இடம் விட்டார்கள். அந்தக் காலத்தில் வாசல் அப்படி இருந்தது என்று அவர் சொல்லவே இல்லை.

சிவில்காரன்:
கட்டுமானத் துறையில் இருப்பவன், கல்லறை பற்றி எதுவும் தெரியாது. ஆனால் சுவர் என்றால் பேசலாம்.

அகழிக்குழி சொன்ன சோதனையில் ஒரு ஓட்டை. ஒரு சுவரைக் கட்டித் தள்ளிவிட்டால் இப்படி விழும் என்று அது காட்டுகிறது. அந்தச் சுவர் தானாக நின்றிருக்குமா என்பதைக் காட்டவில்லை. பின்னால் இருப்பது ஆற்று உருளைக் கற்களும் புல்கட்டிகளும் சேர்ந்த பெரிய குவியல், மழை பெய்தால் எடை கூடும், வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு முன்னால் 3 மீட்டர் உயரத்துக்குக் கூர்முனை குவார்ட்ஸையும் வழுவழு உருண்டைகளையும் சாந்தில்லாமல் கிட்டத்தட்ட நேராக நிறுத்தினால் எத்தனை மழைக்காலம் தாங்கும்? அயர்லாந்தில் மழை நிற்பதே இல்லை. 1970களில் அதே சுவரை நிறுத்தக் கம்பியும் கான்கிரீட்டும் தேவைப்பட்டது என்பதே பதில் அல்லவா? கற்காலத்து ஆட்கள் முட்டாள்கள் இல்லை. அறைக் கூரையை 5,000 வருடம் ஒழுகாமல் கட்டத் தெரிந்தவர்கள், முகப்பை மட்டும் சரியப்போகிற மாதிரி கட்டுவார்களா?

தேடிப் பார்த்ததில் பல்லே எரிக்சன் என்ற டேனிஷ் தொல்லியலாளர் இதே கேள்வியை நீட்டி எழுதியிருக்கிறார். நான் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை என்று தெரிந்தது.

பாய்ன்கரை:
சிவில்காரன், சரியான இடத்தில் தட்டினீர்கள்.

@இரவுப்பணி: கோபம் இரண்டின் மேலும் இல்லை. பக்கத்து மேட்டுக்குப் போகாமல் திரும்பிவிடுகிறார்களே என்ற ஆதங்கம். நௌத் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதே காலம், அதே மாதிரி மேடு, சொல்லப்போனால் அதில் வேலைப்பாடு அதிகம். விளிம்புக்கற்கள் 127, கிழக்கே ஒன்று மேற்கே ஒன்று என்று இரண்டு நடைவழி, சுற்றிலும் குட்டிக் கல்லறைகள். கல்லில் செதுக்கிய சுருளும் வட்டமும் வளைகோடும் மேற்கு ஐரோப்பாவில் ஒரே இடத்தில் இத்தனை வேறு எங்கும் கிடையாது. அங்கேயும் வாசல் முன்னால் இதே குவார்ட்ஸ் சிதறிக் கிடந்தது.

அங்கே தோண்டியவர் ஜார்ஜ் ஓகன். அவரும் 1962இல்தான் தொடங்கினார், அப்புறம் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தார். அவர் குவார்ட்ஸைச் சுவராக ஏற்றவில்லை. தரையில் பரப்பியிருந்தது என்று எடுத்துக்கொண்டு தரையிலேயே விட்டுவிட்டார். நியூகிரேஞ்சிலும் அது வாசல் முன்னால் பரப்பிய தளமாகவோ மேடையாகவோ இருந்திருக்கலாம் என்று கேப்ரியல் கூனி போன்ற தொல்லியலாளர்கள் பிற்பாடு எழுதினார்கள்.

ஆக, கிட்டத்தட்ட ஒரே சான்று, ஒரே பள்ளத்தாக்கு, ஒரே தலைமுறை ஆய்வாளர்கள். ஒருவர் அதைச் செங்குத்தாக நிறுத்தினார், இன்னொருவர் படுக்கையில் விட்டார். இரண்டையும் ஒரே மதியத்தில் பார்க்க முடிகிற இடம் உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்? சுவரை இடிக்கச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. நியூகிரேஞ்சுக்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள் என்கிறேன்.

சும்மா_படிக்கிறேன்:
சுவர் கதை சரி. டிசம்பரில், பகல் மிகக் குறுகிய நாட்களில், விடியற்காலைச் சூரிய ஒளி அறைக்குள் விழுகிறதே, அதுவும் இவர்கள் செட் பண்ணியதா? எங்கோ அப்படி ஒரு கட்டுரை பார்த்த ஞாபகம்.

அகழிக்குழி:
சும்மா_படிக்கிறேன், நீங்கள் பார்த்தது 2016 வாக்கில் வந்த செய்தியாக இருக்கும். வாசலுக்கு மேலே இருக்கிற அந்த ஒளிச்சாளரம் பழைய அமைப்பே இல்லை, மறுசீரமைப்பில் உருவானது என்று மைக்கேல் கிப்பன்ஸ் என்ற ஐரிஷ் தொல்லியலாளர் சொன்னார், பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. இதைச் சுவரோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. இது வேறு கேஸ். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. நடைவழி மட்டமாக இல்லை, உள்ளே போகப் போக ஏறுகிறது. வாசல் தரையை விட அறையின் தரை சுமார் 2 மீட்டர் உயரம். அதனால் வாசல் வழியாக நுழைகிற வெளிச்சம் பாதி வழியிலேயே தரையில் முட்டி நின்றுவிடும், அறை வரை போகாது. வாசலுக்கு மேலே கூரையில் தனியாக ஒரு திறப்பு வைத்தால்தான், அதன் மட்டமும் அறைத் தரையின் மட்டமும் ஒன்றாக இருந்து, ஒளி நேராகப் போகும். அந்தத் திறப்பின் மேலே வேலைப்பாடு செய்த ஒரு விட்டக்கல் இருக்கிறது. அதன் முனை மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததை 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்திருக்கிறார்கள், எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை. ஓ'கெல்லி 1963இல் மண்ணை விலக்கியபோதுதான் அது ஒரு பெட்டி மாதிரியான திறப்பு என்று தெரிந்தது. திறப்பை மூட இரண்டு குவார்ட்ஸ் கட்டிகள் இருந்திருக்கின்றன. ஒன்று அங்கேயே இருந்தது. அதை முன்னும் பின்னும் இழுத்த கீறல்கள் கல்லில் பதிந்திருந்தன. ஒரு தடவை இழுத்து வருகிற கீறல் அல்ல.

சூரியன் பற்றி ஊர்க்காரர்கள் முன்பே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் கதையோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்றுதான் ஓ'கெல்லி முதலில் நினைத்தார். இருந்தாலும் 1967 டிசம்பர் 21 காலை இருட்டோடு உள்ளே போய்க் காத்திருந்தார். 8:58க்கு ஒளி உள்ளே வந்தது. மெல்லிய கோடாக நுழைந்து, அகலமாகி, மறுபடி ஒடுங்கி, 17 நிமிடத்தில் போய்விடுகிறது.

சரி, நடைவழிக் கற்களை அவர் நிமிர்த்தி வைத்தாரே, அதனால் இந்த ஒளி தற்செயலாக அமைந்துவிட்டதா? நியாயமான கேள்வி. கற்கள் உள்பக்கம் சாய்ந்துதான் கிடந்தன. மேலே இருந்த குவியலை விலக்கி, நிமிர்த்தி, இனி எடை அழுத்தாதபடி கூரைக்கு மேலே ஒரு கான்கிரீட் உறையும் கட்டினார்கள். ஆனால் அறையையும் நடைவழியின் திசையையும் யாராலும் நகர்த்த முடியாது. 1974இல் ஜான் பேட்ரிக் அளந்து, இந்த நேர்கோடு கட்டினபோதே இருந்தது என்று நேச்சர் இதழில் எழுதினார். 1989இல் டாம் ரே அதே இதழில் தற்செயலா திட்டமா என்றே கேள்வி போட்டுக் கணக்குப் பார்த்தார். திட்டம் என்ற பக்கம்தான் தராசு சாய்ந்தது. பூமியின் அச்சுச் சாய்வு 5,000 வருடத்தில் கொஞ்சம் மாறிவிட்டதால் இன்று ஒளி சூரியன் எழுந்து நாலு நிமிடம் கழித்துத்தான் நுழைகிறது, அறையின் பின்சுவரையும் தொடுவதில்லை. கட்டிய காலத்துக்குக் கணக்குப் போட்டால் எழுந்த நொடியில் நுழைந்து பின்சுவர் வரை போயிருக்கும். 1960களில் செட் பண்ணினவர்கள் கற்காலத்துச் சூரியனுக்கா செட் பண்ணுவார்கள்?

சும்மா_படிக்கிறேன்:
இது போதும் சார். நன்றி.

உலகமே_நமது:
பெரிய கல்லை வைத்துப் புதைப்பது நம் வழக்கம். கல்திட்டை, கல்வட்டம் எல்லாம் நம்மிடம் இருக்கிறது. கடல் வழியாகப் போன தமிழர்கள்தான் இதையும் கட்டியிருப்பார்கள். வெள்ளைக்காரன் சொல்ல மாட்டான்.

பாய்ன்கரை:
வந்துவிட்டார். ஐயா, அந்தக் கட்டடங்களில் கிடந்த எலும்புகளிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்தாயிற்று. கட்டியவர்கள் அனத்தோலியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கிப் பக்கத்திலிருந்து, ஐரோப்பா வழியாகப் பல நூறு ஆண்டுகள் பரவி வந்த உழவர்களின் வம்சம். நம்மூர்க் கல்திட்டைகளைச் செய்தவர்கள் இரும்பு உருக்கினவர்கள், இவர்கள் செம்பைக் கூடப் பார்த்ததில்லை. செத்தவனுக்குக் கல் அடுக்குவது பல ஊர்களில் தனித்தனியாக வந்த பழக்கம். இதை வேறு இழையில் தொடருங்கள்.

சிவில்காரன்:
மறுசீரமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உலக அளவில் ஒரு விதி உண்டு. 1964 வெனிஸ் சாசனம். ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே மறுசீரமைப்பு நிற்க வேண்டும், அதற்கு மேல் சேர்க்கிற எதுவும் இந்தக் காலத்து வேலை என்று பார்த்தாலே தெரிய வேண்டும் என்கிறது. நியூகிரேஞ்ச் சுவர் கட்டியது அந்தச் சாசனத்துக்குப் பிறகு. அகழிக்குழி சொன்ன கருங்கல் பகுதி விதிப்படி நூற்றுக்கு நூறு. வெள்ளைப் பகுதி தேறாது. ஒரே முகப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் வேடிக்கை.

இதற்கு நேர் எதிரான ஒன்று அதே மீத் கவுண்டியில் இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. ஃபோர்நாக்ஸ். 1950களின் தொடக்கத்தில் அகழாய்வு செய்த இடம். நடுவறை மிகப் பெரிது, கல்லை அடுக்கி மூடியிருக்கவே முடியாத அகலம். நடுவில் ஒரு கம்பக் குழி கிடைத்ததால் மரக்கூரை இருந்திருக்கும் என்கிறார்கள். அந்த மரக்கூரை எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது, அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா, மேலே ஒரு கான்கிரீட் குவிமாடத்தைப் போட்டு, வெளிச்சத்துக்கு ஓட்டைகள் விட்டு, புல் போர்த்திவிட்டார்கள். உள்ளே போனால் மேலே கான்கிரீட், கீழே கற்காலம். எது எந்தக் காலம் என்று குழந்தைக்கும் தெரியும். அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நேர்மை.

மீத்_மழை:
ஃபோர்நாக்ஸ் போயிருக்கிறேன். பஸ் கிடையாது, டிக்கெட் கவுன்டர் கிடையாது. நான் போனபோது பக்கத்துப் பண்ணை வீட்டில் முன்பணம் கொடுத்துச் சாவி வாங்கிக்கொண்டு நாமே இரும்புக் கதவைத் திறந்து போக முடிந்தது. உள்ளே மனித முகம் மாதிரி ஒரு செதுக்கல் இருக்கிறது, சிரிக்கிற மாதிரியே இருக்கும். அயர்லாந்துக் கற்காலத்தில் முகம் என்று சொல்லக்கூடியது அபூர்வம். போனவர்கள் சாவியை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள், அடுத்தவர் காத்திருப்பார்.

அப்புறம், சுவரைச் சிவில்காரன் மட்டும் திட்டவில்லை. பிரான்ஸில் பிரிட்டனி பக்கத்துத் தொல்லியலாளர் ஜியோ அதைப் பார்த்துவிட்டு உலர்திராட்சை பதித்த சீஸ் கேக் மாதிரி இருக்கிறது என்றாராம். வெள்ளையில் கறுப்பு உருண்டைகள், ஒரு தடவை இதைக் கேட்டுவிட்டால் வேறு மாதிரி பார்க்கவே முடியவில்லை.

அகழிக்குழி:
ஜியோவை இழுத்தால் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். பிரிட்டனியில் பார்னெனே என்று ஒரு மாபெரும் கற்குவியல், 70 மீட்டருக்கு மேல் நீளம், 11 அறைகள், நியூகிரேஞ்சை விட ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசு. 1950களில் ஒரு ஒப்பந்தக்காரர் சாலைக்குக் கல் வேண்டும் என்று அதை வெட்டத் தொடங்கி, சில அறைகள் குறுக்கே பிளந்துபோன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நியூகிரேஞ்சிலும் 1699இல் நிலத்துக்காரரின் ஆட்கள் கல் எடுக்கப் போய்த்தான் வாசல் தெரிந்தது. இந்தக் கல்லறைகளுக்குச் சாலைக்காரர்களால்தான் எப்போதும் கண்டம். பார்னெனேவை அகழாய்வு செய்து, படிப்படியாக ஏறுகிற கல் முகப்போடு எடுத்துக் கட்டியவர் வேறு யாரும் இல்லை, அதே ஜியோதான். படிக்கட்டு முகப்பு அங்கே சான்றோடு நின்றது, அது வேறு. ஆனாலும் கையில் இடிபாடு கிடைத்தால் எல்லோருக்கும் கட்டிப் பார்க்கத்தான் தோன்றுகிறது.

ஓ'கெல்லிக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. அகழாய்வு தொடங்கியதே சுற்றுலா வாரியத்தின் ஆர்வத்தில்தான். கூட்டம் வரும், பார்க்க ஏதாவது வேண்டும். வெறும் தளமாக விட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

இரவுப்பணி:
இந்த மரபணு விஷயம் வந்ததால் கேட்கிறேன். உள்ளே புதைத்திருந்தது ஒரு ராஜா, அண்ணன் தங்கைக்குப் பிறந்தவன் என்று படித்தேனே? பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அந்தப் பகுதியை விட்டுவிட்டேன்.

பாய்ன்கரை:
அதைத்தான் நானே எழுத இருந்தேன், ஏனென்றால் அதுவும் இந்தச் சுவர் மாதிரியே ஆகிவிட்டது.

2020இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் லாரா காசிடி, டான் பிராட்லி குழு நேச்சரில் ஒரு ஆய்வு போட்டது. அயர்லாந்தின் பழைய எலும்புகளிலிருந்து 44 பேரின் முழு மரபணுத் தொகுதி. அதில் நியூகிரேஞ்ச் அறையில் கிடைத்த ஒரு ஆணின் மண்டையோட்டு எலும்புத் துண்டு, அவனுடைய பெற்றோர் உடன்பிறப்புகள் அல்லது பெற்றவரும் பிள்ளையும் என்று காட்டியது. அந்த அளவு நெருக்கம் எகிப்து, இன்கா போன்ற அரச குடும்பங்களில் அனுமதிக்கப்பட்டதாகத் தெரியும், அதனால் இங்கேயும் ஒரு தெய்வாம்ச ஆளும் குடும்பம் இருந்திருக்கலாம் என்றார்கள். கூடவே, டௌத் மேட்டைப் பற்றி 11ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதிவைத்த கதையில், ஒரு அரசன் மேடு கட்டும்போது அவன் தங்கை மந்திரத்தால் சூரியனை நிறுத்த, அவன் அவளோடு சேர்ந்ததும் மந்திரம் முறிந்து இருட்டிவிடுகிறது. கேட்கவே சிலிர்க்கும். பத்திரிகைக்காரர்களுக்குத் தீபாவளி.

எலும்பு சொல்வது பெற்றோர் உறவு வரைக்கும்தான். ராஜா என்பது அதற்கு மேலே கட்டிய மாடி. 2025இல் ஜெசிகா ஸ்மித் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆன்டிக்விட்டி இதழில் இதைத்தான் கேட்டார்கள்: ஒரு துண்டு எலும்பை வைத்து அரச வம்சமா? அந்த அறைக்குள் எத்தனையோ காலம் ஆட்கள் போய்வந்திருக்கிறார்கள், எலும்புகள் எரிந்தும் கலைந்தும் கிடந்தன, ஓ'கெல்லிக்குக் கிடைத்ததே குறைந்தது ஐந்து பேர் என்று சொல்கிற அளவுதான். மற்ற கல்லறைகளில் இருந்தவர்களோடு கண்ட உறவும் தூரத்து உறவு, வாரிசு வரிசை இல்லை. ஆனால் "நியூகிரேஞ்ச் ராஜா" என்று கூகுளில் போட்டால் எத்தனை பக்கம் வருகிறது பாருங்கள். சான்று கொஞ்சம், கற்பனை கொஞ்சம், பூச்சு பூசி நிறுத்திவிட்டால் அப்புறம் அசைக்க முடிவதில்லை.

சிவில்காரன்:
அப்படியென்றால் நேராகக் கேட்கிறேன், நாளைக்கு உங்கள் கையில் அதிகாரம் கொடுத்தால் சுவரை எடுப்பீர்களா மாட்டீர்களா? நான் எடுக்க மாட்டேன். அந்தக் கான்கிரீட்தான் இப்போது குவியலைத் தாங்குகிறது, உடைத்தால் மேலே இருப்பது விளிம்புக்கற்கள் மேல் வந்து உட்காரும். ஓ'கெல்லி சொன்னது சரியோ தப்போ, கட்டமைப்பு ரீதியாக அது இனி அங்கேயே இருக்க வேண்டிய பொருள்.

பாய்ன்கரை:
எடுக்க மாட்டேன். காரணம் நீங்கள் சொன்னது பாதி. அந்தச் சுவரே 50 வருடத்தைத் தொட்டுவிட்டது, அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கும்போதும் இந்த முகத்தோடுதான் சேர்த்தார்கள். ஆனால் சுவருக்கு எதிரே நின்று பார்க்கிற இடத்தில் 1962க்கு முந்தைய படம் ஒன்றைப் பெரிதாக வைப்பேன், வழிகாட்டி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லாமல். பக்கத்தில் நௌத்தின் படம். அவ்வளவுதான் செலவு.

அகழிக்குழி:
படம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் "ஓ'கெல்லி ஊகம், ஓகன் உண்மை" என்று வைக்காதீர்கள். தரையில் பரப்பியது என்பதும் ஒரு விளக்கம்தான். சரிந்த கல் அப்படியே கிடந்தாலும் பரப்பிய மாதிரிதான் தெரியும். படுக்கையில் விட்டது ஆபத்துக் குறைவு, அதனாலேயே அது சரி என்று ஆகிவிடாது. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள்.

பாய்ன்கரை:
ஆபத்துக் குறைவான விளக்கத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் மறுசீரமைப்பில் பாதி வேலை என்று நான் நினைக்கிறேன். நாளைக்கு வேறு சான்று வந்தால் தரையில் இருப்பதை ஒரே நாளில் மாற்றலாம், கான்கிரீட்டை மாற்ற முடியாது. சரி, விட்டுவிட்டேன்.

இரவுப்பணி:
சண்டை முடிந்ததா? விடுமுறைக்கு ஊரிலிருந்து மாமியார் வருகிறார், முழங்கால் வலி, குனிய முடியாது. நௌத் சரிவருமா? அந்த டிசம்பர் ஒளியைப் பார்க்க என்ன வழி?

மீத்_மழை:
டிசம்பர் ஒளிக்கு லாட்டரி, வருடத்துக்கு ஆயிரக்கணக்கான பேர் பெயர் கொடுக்கிறார்கள், உள்ளே விடுவது சில டஜன் பேரைத்தான், அன்று மேகம் இருந்தால் அதுவும் போச்சு. மற்ற நாட்களில் அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு மின்விளக்கால் அதே கோட்டில் ஒளி விட்டுக் காட்டுகிறார்கள், அதுவே நன்றாக இருக்கும். ஆனால் நியூகிரேஞ்ச் நடைவழியில் ஓரிரு இடத்தில் குனிந்து ஒருக்களித்துத்தான் போக வேண்டும், உங்கள் மாமியாருக்கு வேண்டாம். நௌத்தில் நடைவழிக்குள் யாரையுமே விடுவதில்லை, கிழக்குப் பக்கம் கட்டியிருக்கிற அறையில் நின்று எட்டிப் பார்க்கலாம், விளிம்புக்கற்களை வெளியே சுற்றி நடந்தே பார்க்கலாம், அதற்கு முழங்கால் பிரச்சினை இல்லை. மேட்டின் உச்சிக்குப் போகப் படிக்கட்டு உண்டு, அவர் கீழேயே இருக்கட்டும். இரண்டுக்கும் ஆற்றுக்குத் தென்கரையில் இருக்கிற பார்வையாளர் மையத்திலிருந்துதான் பஸ், நேராகக் காரில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பதிவு முக்கியம், கோடையில் கடைசி நிமிடத்தில் கிடைக்காது.